சாப்பிட்டதும் எழுந்து ஓடாதீர்கள்

இரண்டு பேர் பேச்சுக்கு நடுவில் நின்று வாயைக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். யாருக்குக் கோபம் வந்தாலும் முதல் முறைப்பு நமக்குத்தானே, மொழிபெயர்ப்பாளர்களே? நான் கோயமுத்தூர்க்காரி. மராத்தி பேசும் சாகண் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் ஸ்பானிஷ் பேசிப் பிழைக்கிறேன். புது ரோபோ இயந்திரங்களைப் பார்த்துச் சம்மதம் சொல்ல ஸ்பெயினிலிருந்து மார்த்தா என்ற இன்ஜினியர் வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை. இல்லாவிட்டால் வீடுதான்.

கேட்டில்

மார்த்தாவுக்கு இரண்டு குடும்பப் பெயர். "ஒண்ணு அப்பாவுது, ஒண்ணு அம்மாவுது. கல்யாணமானாலும் மாத்த மாட்டாங்க" என்று காவலாளி பவாருக்கு இந்தியில் விளக்கினேன். நானோ வெறும் இனிஷியல் கேஸ். சர்நேம் கேட்டால் இந்த ஊரில் திருதிருவென்று விழிப்பவள். பவார் எங்கள் இருவர் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், உங்க பங்கையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்களா?"

கேன்டீனில்

மார்த்தாவுக்கு மத்தியானப் பசி மூன்று மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். அவர்கள் ஊரில் அதுதான் வழக்கமாம். கேன்டீன் ஷிண்டே பாத்திரம் கழுவி முடித்த நேரம். சப்பாத்தி சுட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது மத்தியானச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அட்வான்ஸா?"

மேஜையில்

ஸ்பெயின்காரர்கள் சாப்பிட்டு முடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். காலித் தட்டை வைத்துக்கொண்டு கதை பேசுவார்கள், அதுதான் மரியாதை. விருந்தாளிக்காக மூன்று மணிவரை பட்டினி கிடந்த எங்கள் மேனேஜர் குல்கர்ணியோ கடைசி வாயை விழுங்குவதற்குள் தட்டோடு கிளம்பிவிடுவார். "நான் என்ன தப்பு செஞ்சேன்? எல்லாரும் ஓடறாங்களே" என்றார் மார்த்தா.

மறுநாள் குல்கர்ணியைக் கெஞ்சினேன்: "கை கழுவிட்டு வந்து திரும்ப உட்காருங்க சார்." உட்கார்ந்தார். பிள்ளைகள் படிப்பு, அம்மா முட்டிவலி என்று பேச்சு வளர்ந்தது. திடீரென்று மனிதர், "ரெண்டாவது ரோபோ அடிக்கடி நின்னுடுது" என்று போட்டு உடைத்தார். மீட்டிங்கில் எல்லாம் 'ஜோராக ஓடுது' என்றவர்! அட கடவுளே, என் வேலை போச்சு. மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மனசில்லாமல் உள்ளதைச் சொன்னேன். மார்த்தா சிரித்தார். "அது எனக்கு முதல் நாளே தெரியும். நீங்களா சொல்வீங்களான்னுதான் தினமும் உட்கார்ந்து பார்த்தேன்."

வீட்டில்

மார்த்தாவும் குல்கர்ணியும் சேர்ந்து ரோபோவைச் சரிசெய்தார்கள், கையெழுத்தும் விழுந்தது. அன்று சாப்பிட்டதும் வழக்கம்போல் எழுந்த என் வீட்டுக்காரரிடம், "கொஞ்சம் உட்காருங்க, சும்மா பேசலாம்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, வேலை போயிருச்சா?"

வேலை ஒரு வருஷத்துக்கு நிச்சயம். இந்த மனிதரைச் சும்மா உட்காரவைக்க அந்த ஒரு வருஷம் போதுமா என்றுதான் தெரியவில்லை.