கடல் கடக்கக் கூடாத குதிரை

அந்தக் குதிரை பலெர்மோவில் இருக்கும்வரை நாங்களும் இருப்போம் என்றுதான் தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் நம்பினோம். இதில் பக்தி எதுவும் இல்லை. என் கணவர் அதைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். உரிமையாளரான பெண்மணி, சிக்னோரா, அவருடைய வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தாளைக் காட்டினால்தான் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில், மகளோடு சேர்த்து எங்கள் மூவரின் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியையும் புதுப்பித்தார்கள். சிக்னோராவின் மொண்டெல்லோ கடற்கரை வீட்டை நான் துப்புரவாக்கியது எந்தத் தாளிலும் இல்லாத வேலை.

அது துள்ளுநடைப் பந்தயக் குதிரை. பின்னால் இரண்டு சில்லு வண்டில் பூட்டி ஓட்டுவார்கள். நடையை விட்டுப் பாய்ந்து ஓடினால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"வேகமா ஓடினதுக்குத் தண்டனை குடுக்கிற இடம் இது ஒண்டுதான்," என்றார் கணவர்.

"குவெஸ்தூரா வரிசையிலை முந்திப் பாருங்கோ," என்றேன்.

எங்கள் குதிரை ஒருபோதும் நடை பிசகவில்லை. சில ஆண்டுகள் சிசிலித் தீவில் அதை வெல்ல வேறொன்று இருக்கவில்லை. கால் நரம்பு வீங்கத் தொடங்கியபோது, தீவுக்கு வெளியே, வடக்கிலிருந்து ஒரு பண்ணைக்காரர் வந்து பார்த்தார். நல்ல பெட்டைக் குதிரைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. இனப்பெருக்கத்துக்கு இதைத் தன்னிடம் தரும்படி கேட்டார். பராமரிக்கத் தன்னிடம் ஆட்கள் உண்டு என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கணவர் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சிக்னோராவால் முடிவெடுக்க இயலவில்லை. கண்ணூறுக்காகத் தொழுவத்து வாசலில் சிவப்புக் கொம்பு தொங்கவிட்டிருந்தவர் அவர். "பிறந்த நேரத்தை வைத்து உங்கள் ஆட்கள் எதிர்காலத்தைச் சொல்வார்களாமே?" என்று என்னிடம் கேட்டார். குட்டி விழுந்த இரவு அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மணியும் நிமிடமும் குறித்து வைத்திருந்தார்.

எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. என் கணவரின் தங்கைக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வியா மக்வேதாவுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த தொலைபேசிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய், கொழும்பில் இருந்த சாத்திரியாரை அழைத்தாள். குதிரை என்றால் மனுசன் கோபிப்பார் என்று, தெரிந்த வீட்டுப் பொடியன் என்று சொல்லிவிட்டாள். நானும் காதை ஒட்டிக் கேட்டேன்.

"பொடியன் என்ன தொழில்?"

"ஓட்டம், ஐயா. கனக்கப் பரிசு எடுத்தவன்."

"படிப்பு?"

"அது… அவ்வளவு இல்லை."

"பறவாயில்லை, பிள்ளை. புத்திர பாக்கியம் அமோகம். தாய் தேப்பனைத் திரும்பிப் பாரான். ஆனா கடல் கடக்க வேணும். கடந்தால் ராசா."

வெளியே வந்ததும் மச்சாள் என் முகத்தைப் பார்த்தாள். "எல்லாப் பொடியனுக்கும் அந்தாள் இதைத்தானே சொல்லும், மச்சாள்!"

சிசிலிக்கும் வடக்குக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறிய நீரிணைதான். இருந்தாலும் கடல் கடல்தான்.

மறுநாள் மேசைவிரிப்புக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது சிக்னோரா வந்து நின்றார். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடலைக் கடந்தால் உயிருக்கு ஆகாதாம்," என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, பண்ணைக்காரருக்கு மறுப்புச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். நான் நம்பாத சாத்திரத்தை அவ்வளவு உறுதியாக வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் தொடர்ந்தது. மகள் அதே பள்ளியில் படித்து முடித்தாள். குதிரைக்கு வாய்த்தவை அக்கம்பக்கத்துச் சாதாரணப் பெட்டைகள். பிறந்த குட்டிகளுக்குத் தகப்பனின் வேகம் இருந்தது, பொறுமை இல்லை. வளர்ந்து ஓடியபோது ஒன்றன்பின் ஒன்றாக நடை பிசகி நீக்கப்பட்டன. சாம்பியன் என்று தொடங்கிய பேச்சுகள், அதன் பிள்ளைகளைப் பற்றிய பகிடிகளாக முடிந்தன.

"உன்ர சாத்திரத்தாலை அவனுக்கு ஒரு நல்ல சம்பந்தம் அமையேல்லை," என்று கணவர் ஒருநாள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

சிக்னோரா மட்டும் கடைசிவரை எனக்கு நன்றியோடு இருந்தார். "உன்னால்தான் அவன் உயிரோடு இருக்கிறான்," என்பார், ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும். உண்மையைச் சொல்லப் பல தடவை வாயெடுத்தேன். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் தேதி எப்போதும் அருகிலேயே இருந்தது.

குதிரை முதுமையில் செத்தது. அடுத்த மாரியில் சிக்னோராவும் போனார். மச்சாள் கனடாவுக்குப் போனாள்; மகள் லண்டனில் இருக்கிறாள். பலெர்மோவில் இப்போது நானும் கணவரும் இருக்கிறோம். அந்தக் குதிரையின் மகள் ஒருத்தியும் இருக்கிறாள், எந்தப் பந்தயத்தையும் ஓடி முடிக்காதவள்.