சீனப் பேரரசனுக்காக வாங்கிய அடி

என்னை அடிக்க வந்த இருவரும் முதலில் தேத்தண்ணி குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் இரண்டறை வீடு. "தேத்தண்ணி நல்லாயிருக்கு அக்கா" என்று மூத்தவன் என் மனைவியிடம் சொன்னான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து எங்கள் சிற்றிதழை எடுத்து மேசையில் போட்டான். ஒரு வரியின் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

"அண்ணை, இதிலை ராசா எண்டு ஆரைச் சொல்லுறியள்?"

"சீனத்து ராசாவை."

"சீனாவிலை ராசா இல்லை அண்ணை. நாங்களும் படிச்சனாங்கள்தான்."

ஒற்றுமை என்று சொல்லி எதிர்த்துப் பேசியவர்களைச் சுட்டுக்கொண்டு ஊரில் போர் நடத்திக்கொண்டிருந்த ஓர் இயக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் அவர்கள். தங்கள் தலைவரைத்தான் நான் ராசா என்று எழுதியதாக முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் ஒரு தமிழனுக்கு இதைவிடப் பெரிய குற்றம் இருக்கவில்லை.

நான் கப்பல்காரன். அகதியாக இங்கே வருமுன் சரக்குக் கப்பலில் வேலை செய்தேன். எங்கள் கப்பல் சீனாவின் தியென்சின் துறைமுகத்தில் பலமுறை நங்கூரமிட்டிருக்கிறது. சிற்றிதழ் ஆசிரியர் வேறொரு நகரத்தில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டே இதழ் நடத்தியவர். "சண்டையை வாசிச்சு வாசிச்சுச் சனம் களைச்சுப் போச்சு. சீனப் பயணக் கட்டுரை ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டார். எழுதத் தொடங்கினேன்.

முதல் கட்டுரை ஒரு மைக்கல்லைப் பற்றியது. கறுப்புக் கல்லில் கொஞ்சம் நீர் விட்டு, மைக்கட்டியை அரைத்து, தூரிகையைத் தொட்டு எழுதுவார்கள். எழுதுகிற கருவிகளைச் செல்வம் என்று போற்றும் நாட்டில் எனக்கும் எழுத ஆசை வந்தது என்று எழுதினேன். அந்தக் கல்லொன்றை வாங்கி வந்து மேசையில் தாள்கள் பறக்காமல் வைத்திருந்தேன். இரண்டாவது கட்டுரை தேயிலையைப் பற்றியது. இரண்டுக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவதுதான் வினையானது. துறைமுகத்து மாலுமிகள் சங்கம் எங்களைப் பேருந்தில் பெருஞ்சுவருக்குக் கூட்டிப் போனது. அழகைப் பார்க்கத்தான் போனேன். பார்த்தது படிக்கட்டு வைத்துக் கட்டிய ஒரு கொடுமையை. வழிகாட்டிப் பெண் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு வந்தாள்: சுவரின் பழைய பகுதிகளை இணைத்தவன் சீனத்தின் முதல் பேரரசன். மண் சுமந்து செத்தவர்களைக் கணக்கெடுக்க ஆளில்லை. நாடு முழுவதற்கும் ஒரே எழுத்தையும் ஒரே நிறைகல்லையும் கொடுத்தவனும் அவனே. பிறகு நூல்களை எரித்தான். நூற்றுக்கணக்கான அறிஞர்களை உயிரோடு புதைத்தான் என்று அவர்களுடைய பழைய வரலாறு சொல்கிறதாம். "ஒற்றுமை வேண்டும் என்ற ராசா முதலில் வாயுள்ளவர்களைத்தான் புதைத்தான்" என்று எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்தது அந்த வரியின் கீழேதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதும்போது என் மனதில் சீனாவைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சுவரும் அந்தக் குளிரும் அந்தப் பெண்ணின் குரலும்தான்.

"திரும்பக் கேக்கிறன். ஆரது?"

"சீனத்து ராசா."

மூத்தவன் என் வாயில் குத்தினான். பல்லொன்று ஆடிக் கழன்று நாக்கில் விழுந்தது. இளையவன் பின்னால் வந்து என் கழுத்தைப் பிடித்து மேசையோடு அமுக்கினான். "வலக்கையை விரிச்சு வையுங்கோ அண்ணை" என்றான் மூத்தவன். அடிக்கும்போதும் மரியாதை குறையவில்லை! நான் விரிக்கவில்லை. இளையவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மணிக்கட்டை அமத்தினான். மூத்தவன் கையில் கிடைத்ததை எடுத்தான். மைக்கல். இரண்டுமுறை இறக்கினான். முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம். ஒரு நகம் பிய்ந்து மேசைவிரிப்பில் ஒட்டிக்கொண்டது. நான் மாடுபோலக் கத்தினேன். மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டி அமைதியாக இருக்கச் சொன்னார்.

மனைவி குசினி அடுப்பில் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தவள். எண்ணெய்த் தாச்சியோடு வந்து மூத்தவனின் தோளில் ஊற்றினாள். சட்டை தோலோடு ஒட்டியது. "ஐயோ அம்மா" என்று அவன் அலறினான். "இந்தப் படியிலை இன்னொருக்கால் ஏறினால் முகத்திலை ஊத்துவன்" என்றாள். இருவரும் கதவை நோக்கி ஓடினார்கள். தோளைப் பிடித்துக்கொண்டே மூத்தவன் திரும்பினான். "அடுத்த இதழிலை விளக்கம் போடுங்கோ அண்ணை. சீனாவைப் பற்றி மட்டுந்தான் எழுதினது எண்டு. இல்லாட்டித் திரும்பவும் வருவம்."

மருத்துவமனைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். மொட்டையடித்த நவநாஜிகள் வெளிநாட்டுக்காரர்களின் வீடுகளை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. "மொட்டைத் தலைக்காரர்களா?" என்று ஆவலோடு கேட்டார். ஓம் என்றிருந்தால் அன்று ஜெர்மனி முழுவதும் என்மேல் இரங்கியிருக்கும். சைக்கிளால் விழுந்துவிட்டேன் என்றேன். என்னுடைய ஆட்களே அடித்தார்கள் என்று அந்த மொழியில் சொல்ல வாய் வரவில்லை. நோவைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

ஆசிரியர் தொலைபேசியில் வந்தார். அவர் வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். "ஒரு விளக்கம் தாங்கோ. உண்மையைத்தானே எழுதக் கேக்கினம்?"

அதுதான் என் தொண்டையில் சிக்கியது. பொய் எழுதச் சொல்லியிருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பேன். கேட்டதோ நூற்றுக்கு நூறு உண்மை. அந்த உண்மையைக் கல்லால் அடித்து வாங்கினால் அது என்னுடையதா, அவர்களுடையதா? எழுதாவிட்டால் திரும்ப வருவார்கள். மணி அடிக்கும்போது நான் வேலையில் இருப்பேன். கதவைத் திறப்பவள் என் மனைவி.

"விளக்கத்தை எழுதுவம். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றாள் அவள். என் வலக்கை பிளாஸ்டரில் தொங்கியது. அவள் மேசையில் அமர்ந்து பேனையைத் திறந்தாள்.

வாயைத் திறந்தேன். வந்தது விளக்கமல்ல. சுவரிலிருந்து திரும்பும் பேருந்தில் வழிகாட்டிப் பெண் சொன்ன மிச்சக் கதை. அருவருப்பாக இருக்கிறதே என்று நான் எழுதாமல் விட்டது.

"சாவை வெல்ல மருந்து தேடிய பேரரசன் பயணத்தின் நடுவிலேயே செத்துப்போனான். அமைச்சர்கள் அதை மறைத்தார்கள். பிணம் இருந்த வண்டிக்குள் வேளாவேளைக்குச் சாப்பாடு போனது. அவன் பெயரால் கட்டளைகள் வெளியே வந்தன. கோடை வெயில். பிணம் நாறத் தொடங்கியது. அந்த நாற்றம் தெரியாமலிருக்க, பின்னால் வண்டில் வண்டிலாக மீன் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு, ராசா வாழ்க என்று கும்பிட்டது."

எழுதிக்கொண்டிருந்தவள் பேனையை நிறுத்தினாள்.

"இதுவும் சீனத்து ராசாதானே?"

"இல்லை" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிளாஸ்டர் கையைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். தாளைக் கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். கிழித்தாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"கருவாடோ, பச்சை மீனோ?" என்று கேட்டாள். "சரியாச் சொல்லுங்கோ."

"கருவாடு" என்றேன்.

எழுதினாள்.