பதில் வராத ஆர்டர்

காஜா மொய்தீனுக்குக் குரல்தான் தொழில். சூலியா ஸ்திரீட்டுக்குப் பின்னால் இருக்கும் தம் சாப்பாட்டுக் கடையில் மேசை மேசையாக நடந்து ஆர்டர் கேட்பார். கேட்டதை, திரும்பிக்கூடப் பார்க்காமல், தேநீர் கலக்கும் இடத்தை நோக்கிக் கூவுவார். தே தாரேக் இரண்டு, கோப்பி ஓ ஒன்று, கடைசி மேசைக்கு ரொட்டி, குழம்பு தனியாக. எல்லாம் ஒரே மூச்சில். கலக்குகிற ஹஸ்ருல் பதில் சொல்வதில்லை. பதில் வந்தால் பால் தீர்ந்துவிட்டது என்று பொருள். மௌனமாக இருந்தால் ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த முறையைத்தான் அவர் வீட்டிலும் வைத்திருந்தார்.

மனைவி நோர்மாவுக்குப் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்பே பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே காஜா கடையைத் திறந்துவிட்டு, மோட்டாரில் ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பி, ஒன்பது வயது மகள் ஷாஹிராவைப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று அறையை நோக்கிக் கூவுவார். சட்டையை மாற்று, சாக்ஸ் போடு, தலைக்குத் தூடோங் எங்கே, தண்ணீர்ப் போத்தலை எடு, கீழே இறங்கு. உள்ளிருந்து சத்தம் வராது. ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் அவர் அடுப்படிக்குப் போய்க் கோப்பி குடிப்பார். திரும்பி வந்து பார்த்தால், சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு மகள் சுவரில் இருக்கும் பல்லியோடு பேசிக்கொண்டிருப்பாள்.

ஷாஹிராவுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். கவனம் ஓரிடத்தில் நிற்காது. அது பிடிவாதமும் அல்ல, வளர்ப்புக் கோளாறும் அல்ல. பெற்றோருக்கும் பயிற்சி வேண்டும் என்று, கோலாலம்பூரில் இருக்கும் யமுனா என்ற பயிற்சியாளரின் காணொளி வகுப்பில் சேர்த்துவிட்டார். தனக்கு எதற்குப் பயிற்சி என்று காஜா கேட்டார். வகுப்பைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று யமுனாவிடம் பேரமும் பேசிப் பார்த்தார்.

பேரத்தை நிறுத்தியவர் வேன் ஓட்டும் சிவநேசன். ஷாஹிராவுக்காக நின்று தாமதமாவதால் மற்ற பிள்ளைகளின் பேரையும் பள்ளியில் எழுதிவிடுகிறார்கள், இந்த வாரமும் இப்படியே போனால் திங்கட்கிழமையிலிருந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புக்கிட் தெங்காவில் நோர்மாவின் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி உண்டு. ஷாஹிரா அங்கேயே தங்கிப் படிக்கட்டும் என்று அக்கா கூப்பிட்டார். வேறு வழியில்லை என்றார் நோர்மா. காஜா அன்றே யமுனாவுக்கு, முழு வகுப்புக்கும் வருகிறேன் என்று செய்தி அனுப்பினார்.

அந்த வாரத்து வகுப்பில் காஜா கடையின் பின்னறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, கைப்பேசியைப் பால் டின்மீது சாய்த்து வைத்தார். யமுனா ஷாஹிராவாக நடித்தார். காஜா வழக்கம்போல் கூவினார். யமுனா எழுந்து திரையை விட்டே போய்விட்டார். லைன் போய்விட்டது என்று நினைத்து காஜா கைப்பேசியைத் தட்டினார்.

யமுனா திரும்பி வந்து உட்கார்ந்தார். "அவ பதில் சொல்லலயே சார், அப்பறம் எப்படி அவ கேட்டான்னு முடிவு பண்ணீங்க?"

"எங்க கடையில பதில் சொன்னாத்தான் மிஸ் பிரச்சன."

"வீட்ல அப்படியே தலைகீழா வச்சுக்கோங்க. பதில் வரலன்னா ஆர்டர் போகல. கிட்டப் போங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அவ செய்யற வரைக்கும் இருங்க. செஞ்சதும் செஞ்சத சொல்லிப் பாராட்டுங்க."

"இருக்கணுமா? சும்மாவா?"

"சும்மாதான்."

உலகத்தில் காஜாவுக்குத் தெரியாத வேலை அது ஒன்றுதான். அதனால் முதலில் கடையில் பழகிப் பார்த்தார். ஹஸ்ருலின் அருகே போய், தோளில் கை வைத்து, முகத்தைப் பார்த்து, "தே தாரேக் ஒண்ணு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கலக்கி முடித்ததும் நுரை நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். ஹஸ்ருல் குவளையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, என்னைய வேலைய விட்டுத் தூக்கப் போறீங்களா?"

இதைக் கேட்ட நோர்மா, அப்பனுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே வகுப்பாகப் போய்விட்டது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மகளின் துணிகளை ஒரு பக்கமாக மடித்து வைக்கத் தொடங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. காஜா ஹெல்மெட்டைக் கழற்றி வெளியே வைத்தார். அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். சட்டை ஏற்கெனவே போட்டிருந்தாள்.

"ஷாஹிரா, சாக்ஸ்."

அவள் ஒன்றை எடுத்தாள். அதன் ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினாள். காஜாவின் தொண்டைக்குள் தூடோங், போத்தல், பை எல்லாம் வரிசை கட்டி நின்றன. விழுங்கினார். அவள் அவரைப் பார்த்தாள்.

"ஏன் அத்தா கத்தல? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். சாக்ஸ்."

போட்டாள். இரண்டையும். நீயாகவே போட்டுக்கொண்டாய் என்று அவர் சொன்னார். பிறகு தூடோங் என்றார். கீழே வேன் ஹார்ன் அடித்தது. காஜா எழுந்திருக்கவில்லை. முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூடோங் ஏறியதும் பை என்றார். ஹார்ன் இன்னொரு முறை அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷாஹிராவே கதவைத் திறந்தாள்.

அவர்கள் லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது வேன் நகரத் தொடங்கியிருந்தது. ஷாஹிரா ஓடினாள். சிவநேசன் பிரேக் போட்டுக் கதவைத் திறந்தார். அவள் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"என்னா அண்ணே, தெனம் உங்க சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். அத வச்சுத்தான் பிள்ள வருதுன்னு நிப்பேன்" என்றார் சிவநேசன். "இன்னிக்கு ஒண்ணும் கேக்கல லா. வீட்ல ஆள் இல்லன்னு கெளம்பிட்டேன்."

"இனிமே கேக்காது. ஹார்ன் அடிச்சா வந்துருவா."

சிவநேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது. "சரி, திங்கக்கிழம பாப்போம். இதே மாதிரி வந்தா எனக்கென்ன."

காஜா அங்கேயே நின்று நோர்மாவைக் கூப்பிட்டார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவர் எடுத்தார். வேன் போய்விட்டதா என்றுதான் முதலில் கேட்டார்.

"ஏறிட்டா. உங்கக்காகிட்ட சொல்லிரு, புள்ள இங்கதான் இருப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும் ஓடியது.

"நோர்மா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க" என்றார் நோர்மா.