டீசன்ட் ஃபேமிலிக்கு மட்டும்

தாம்பரம் பக்கத்தில் இங்கிலீஷே தெரியாதவர்களுக்கும் தெரிந்த வார்த்தை டீசன்ட். சண்டையில் சட்டையைப் பிடிப்பதற்கு முன்னால், ‘டீசன்ட்டா சொல்றேன், போயிடு’ என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், ‘எங்களுக்கு ஒண்ணும் வேணாம், டீசன்ட்டா செஞ்சாப் போதும்’ என்பார்கள். அதைக் கேட்டதும் பெண்ணைப் பெற்றவர் எத்தனை பவுன் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். சம்பளத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் டீசன்ட்டான சம்பளம். முதுகு தெரிகிற ரவிக்கை டீசன்ட் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வாடகைக்கு விடுகிற வீட்டு கேட்டில் தொங்கும் அட்டை ஒன்று உண்டு: டு லெட், டீசன்ட் ஃபேமிலிக்கு மட்டும். அந்த அட்டையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் முகம் சுண்டிப்போகிறது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வருவது வெட்கம்தான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பீர்க்கன்கரணை ஏரிக்கரை ஓரமாகக் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். அம்மா பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அப்பாவுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ப்யூனாகச் சேர்ந்து பரீட்சை எழுதி மேலே வந்தவர். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சுவர் தண்ணீரைக் குடித்துப் பச்சையாகும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அம்மாவுக்கு வீசிங் உண்டு. மழைக்காலம் முழுக்க அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்ணை மூடுவாள், அந்தச் சுவரே ஈரம்.

டாக்டர் ஒருநாள் சலித்துப்போய் அப்பாவிடம் சொல்லிவிட்டார். “நான் ஊசி போட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க அந்த வீட்லயே வெச்சிக்கிட்டு இருக்கீங்க. காஞ்ச இடமாப் பார்த்து மாறுங்க சார். இல்லன்னா இந்தம்மா தாங்க மாட்டாங்க.”

அதற்கப்புறம் அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் தெருத் தெருவாக வீடு தேடுவார். கேட்டில் அட்டை தொங்கும். உள்ளே போவோம். உட்காரச் சொல்வார்கள், தண்ணீர்கூடக் கொடுப்பார்கள். பிறகு பேச்சு மெல்ல அந்த இடத்துக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் ஜாதியைக் கேட்பது டீசன்ட் இல்லை. குலதெய்வத்தைக் கேட்கலாம். “உங்க குலதெய்வம் எதுங்க?” என்று பக்தியோடு விசாரிப்பது போலக் கேட்பார்கள். சாமி பெயரைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊரில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், படையலில் என்ன வைப்பார்கள் என்றும் தெரிந்துவிடும். எங்கள் சாமி ஏரிக்கரை எல்லையம்மன். ஆடியில் கூழ் ஊற்றிச் சேவல் அறுப்போம், வேண்டுதல் இருந்தால் கடா. அப்பா சூதுவாது தெரியாமல் அதைச் சொல்லிவிடுவார். “சொல்லி அனுப்பறோம் சார்” என்பார்கள். ஒருத்தராவது சொல்லி அனுப்பியிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்.

கடைசியாகப் பார்த்தது ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர்கள், மேலே இரண்டு அறை, பக்கத்திலேயே மொட்டை மாடி. நாள் முழுக்க வெயில். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்துவிட்டதும் அம்மா உள்ளே போய் வேறு எதையும் பார்க்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள், அப்படியே கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அப்பா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கீழே ஹாலில் உட்கார்ந்ததும் ஓனரம்மா ஆரம்பித்தார். நல்ல மனுஷி, சிரித்த முகம். “தப்பா நினைக்காதீங்க சார். ஒரே காம்பவுண்டு பாருங்க, டீசன்ட் ஃபேமிலியா இருந்தா நிம்மதின்னு பார்க்கறோம். நான்வெஜ் எல்லாம்…”

“தொடறதே இல்லீங்க” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குக் காலையில்தான் நெத்திலிக் குழம்பு.

“குலதெய்வம் எதுங்க?”

“திருநீர்மலைப் பெருமாளுங்க.”

எங்கிருந்துதான் அவர் வாயில் வந்ததோ. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஓனரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அடடே, நாங்க வருஷா வருஷம் புரட்டாசி சனிக்கிழமை அங்கதான் மலை ஏறுவோம். இனிமே சேர்ந்தே போயிடலாம்” என்றார். சாவி கைக்கு வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அப்பாவைக் கேட்டாள்: “ஏன்யா, பொய் சொல்றதுதான் சொல்ற, தரையில கீற சாமி ஒண்ணு உன் வாயில வர்லியா? மலை மேல கீறவரைப் போய்ச் சொன்னியே.” மூன்று பேரும் அடக்க மாட்டாமல் சிரித்தோம்.

அந்த வீட்டில் அம்மா படுத்துத் தூங்கினாள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் மழைக்காலத்தில் அவள் கால் நீட்டிப் படுத்து, சத்தமில்லாமல் மூச்சு விட்டுத் தூங்குவதை அப்பா கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அதில் என்ன தப்பு.

என்ன வேண்டுமானாலும் செய்தோம். முட்டையைப் பேப்பரில் சுற்றி, அதைப் பைக்குள் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் போட்டுக் கொண்டுவருவோம். அவித்த முட்டையின் ஓட்டை அப்பா தன் டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துப்போய் ரயில்வே ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் கொட்டுவார். மீன் வேண்டுமென்றால் பீர்க்கன்கரணையில் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, சோம்பை மென்றுகொண்டே வீடு திரும்புவோம். எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகிற அன்றைக்கு, சொந்தத்தில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். ஓனரம்மா, “உங்க சொந்தத்துல மட்டும் எப்படி ஆடி மாசத்துல கல்யாணம் வைக்கறாங்க?” என்று ஒருதரம் கேட்டார். அப்பா அசடு வழிந்தார்.

பேச்சையும் மாற்றினோம். அப்பா ஆபீஸில் பழகிவிட்டார், நான் பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டேன். அம்மாதான் பாவம். “இன்னான்னு சொல்லாதே, என்னன்னு சொல்லு. வூடு இல்ல, வீடு. கீதுன்னு வாயில வரவே கூடாது” என்று அப்பா பாடம் நடத்துவார். அம்மா, “பேசாமயே இருந்துடறேன் போ” என்பாள். நிஜமாகவே அவள் கீழே போனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். “உங்க வீட்டம்மா எவ்வளவு அமைதி, எவ்வளவு டீசன்ட்” என்று ஓனரம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா அதை மாடிக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

புரட்டாசிதான் கண்டம். சனிக்கிழமை காலையில் கீழேயிருந்து, “கிளம்பலாமா?” என்று குரல் வரும். நாமம் போட்டுக்கொண்டு அப்பா, துளசி மாலைக் கூடையோடு நான், மாத்திரையை விழுங்கிவிட்டு அம்மா. திருநீர்மலை ஒன்றும் பெரிய மலை இல்லைதான். ஓனரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். அம்மாவுக்கு அது மலை. முதுகெலும்பு புடவைக்கு மேலே தெரிய, வாயைத் திறந்து திறந்து மூச்சைத் தேடுவாள். ‘உடம்புக்கு முடியலன்னு சொல்லிடேன்’ என்று நான் சொன்னால், ‘குலதெய்வத்தைப் பார்க்க முடியலன்னு எவளாவது சொல்லுவாளாடி’ என்பாள். வருஷம் தவறாமல் ஏறினாள்.

தொண்ணூறுகள் பிறந்தபோது நான் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். லைப்ரரியில் கனமான அகராதி ஒன்று இருந்தது, வார்த்தைகளின் பூர்வீகத்தைச் சொல்வது. ஒரு மத்தியானம் டீசன்ட்டைத் தேடினேன். எங்களை இப்படி ஆட்டி வைக்கிறதே, இது எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்துவிடும் ஆத்திரம்.

லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். லத்தீனில் ‘பொருந்துவது, தகுவது’ என்று அர்த்தம். இங்கிலீஷுக்கு வந்த புதிதில் ஒருவன் தன் அந்தஸ்துக்குத் தக்கபடி இருப்பதைத்தான் அது குறித்திருக்கிறது. அவனவன் தகுதிக்கு ஏற்ற உடை, ஏற்ற பேச்சு, ஏற்ற வீடு. நல்லவன், யோக்கியன் என்கிற அர்த்தமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. துணி உடுத்தியிருப்பதற்கும் அதே வார்த்தையாம். கதவைத் தட்டுகிறவர், ‘டீசன்ட்டா இருக்கீங்களா, உள்ளே வரலாமா’ என்று கேட்பாராம். அதற்கும் அடியில், வேர் என்று போட்டு, ‘ஏற்றுக்கொள்’ என்றிருந்தது. டிக்னிட்டியும் டாக்டரும்கூட அந்த வேரில் வந்தவைதானாம்.

பூர்வீகம் பார்க்கிற புத்தி எனக்கும் வந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. எங்களிடம் குலதெய்வத்தைக் கேட்டவர்கள் போலத்தான் நானும் அந்த வார்த்தையிடம், நீ எந்த ஊர், யார் வழி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷத்துப் புரட்டாசியில் அம்மாவால் முடியவில்லை. பாதி மலையில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நிறம் மாறியிருந்தது. நான் முந்தானையால் விசிறினேன். கூட்டம் எங்களைத் தாண்டி, கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறியது. ஓனரம்மா இறங்கி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், முதுகைத் தடவிக்கொடுத்தார். உண்மையான பரிவுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதிரே அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“ஏம்மா இவ்வளவு கஷ்டப்படணும்?” என்றார் ஓனரம்மா மெல்லிய குரலில். “எனக்கு எல்லாம் தெரியும்மா. நீங்க எந்த ஊரு, உங்க சாமி எது, எல்லாம். நீங்க குடி வந்த முதல் மாசமே பால்காரர் சொல்லிட்டாரு. அவரும் உங்க பக்கம்தானே. எங்க வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிடலாம்னாரு, நான்தான் வேணாம்னேன். ஏன் தெரியுமா? ஒருநாள்கூட நீங்க அதைக் காட்டிக்கல. ஒரு வாசனை வெளிய வந்ததில்ல, ஒரு வார்த்தை தப்பா வந்ததில்ல. அதுதாம்மா டீசன்ட்.”

அப்பா கைகூப்பினார். “ரொம்ப தேங்க்ஸுங்க” என்றார். கண் கலங்கியிருந்தது. வேலையில் பெர்மனென்ட் ஆன அன்றைக்குக்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மானம் போயிற்று என்று எனக்கு அந்தப் படியிலேயே உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் முட்டை ஓட்டையும் எலுமிச்சைத் தோலையும் ஆடி மாதத்துக் கல்யாணத்தையும் இத்தனை வருஷமாக ஒருத்தர் கீழே உட்கார்ந்து பார்த்து, மார்க் போட்டிருக்கிறார். நாங்கள் பாஸாகியிருக்கிறோம்.

அம்மா மூச்சை இழுத்து இழுத்து, ஓனரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “தெரியுமாக்கா?” என்றாள்.

“தெரியும்மா.”

“தெரிஞ்சிகினே… என்னை இன்னாத்துக்குக்கா இத்தினி வருஷமா ஏற வுட்டே?”

அவள் சத்தம் போடவில்லை. சண்டையும் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டாள். முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. “நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்” என்றார் ஓனரம்மா.

“சொல்லியிருந்தா வூடு குடுத்திருப்பியாக்கா?”

ஓனரம்மா மேலே கோபுரத்தைப் பார்த்தார். “நடை சாத்திடுவாங்க, நேரமாச்சு” என்று எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அப்பா பதறிப்போய், “மூச்சு முட்டுதுங்க அவளுக்கு, ஏதோ பேசறா, மனசுல வெச்சிக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் ஏறினார். நான் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் பிரசாதத்தோடு இறங்கி வந்தபோது ஓனரம்மா முதல் உருண்டையை அம்மாவின் கையில்தான் வைத்தார். அம்மா வாங்கிச் சாப்பிட்டாள்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார்கள் என்று அப்பா ஒரு மாதம் சோறு இறங்காமல் இருந்தார். அவர்கள் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே அப்புறம் யாரும் எடுக்கவில்லை. நான்தான் தனியாக வேறு வீடு தேடிப் பார்த்தேன். ஈரமில்லாத வீடு எதிலும் அதே அட்டை, அதே கேள்வி. அடுத்த மழைக்காலம் நெருங்கியது. புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் கீழேயிருந்து, “கிளம்பலாமா?” என்று குரல் வந்தது. நான் கதவைச் சாத்தப் போனேன். அம்மா என்னை விலக்கிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, “இதோ வந்துட்டோம்க்கா” என்று கீழே பார்த்துச் சொன்னாள்.