தங்கையின் கைக்கு ஒரு மட்டை

எக்ஸ்ரே அறைக்காரிக்கு ஆஸ்பத்திரியில் 'மதில்' என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் ஊழியர் அறையில் டேபிள் டென்னிஸ் நடக்கும்போது, யார் எப்படி அடித்தாலும் பந்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். தானாக ஒரு பந்தை ஓங்கி அடித்ததாகச் சரித்திரமே இல்லை. மேசையை விட்டு இரண்டடி பின்னால்தான் நிற்பாள். மருந்தாளுநர் அடிக்கும் பந்து அங்கே வருவதற்குள் சோர்ந்துவிடும். இருந்தாலும் நகரமாட்டாள். தங்கையின் அடிக்காகப் பழகிய இடம் அது.

தங்கை வெளிநாடு போய்ப் பதினோரு வருடம். அந்த அடிக்காக ஏங்கி ஏங்கியே மதிலுக்கு நரை விழுந்துவிட்டது. பத்து நாள் லீவில் வருகிறேன் என்று தங்கை போன் செய்ததும் தலைகால் புரியாமல் விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடினாள்.

"அவங்க எப்படி ஆடுவாங்க?" என்றார் கடைக்காரர்.

"எதிர்ல நிக்க முடியாது. அப்படி அடிப்பா."

ரப்பர் ஒட்டாத மட்டைக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து விரலால் தட்டிப் பார்த்தாள். மந்தமாக ஒலித்தால் பந்தை அடக்கும், அவளைப் போலத் தடுத்தாடுபவர்களுக்கு. கணீரென்று ஒலித்தால் வேகம். கடையிலேயே அதிகமாகக் கணீரென்று ஒலித்த கட்டையை எடுத்துக்கொண்டாள். முன்கைப் பக்கத்துக்குத் தடித்த ஸ்பாஞ்சு வைத்த ரப்பர், பின்கைப் பக்கத்துக்கு அதிலேயே சற்று மெல்லியது.

"இது முரட்டுக் குதிரை மேடம். பழக்கம் விட்டுப்போன கைக்கு அடங்காது. இப்பவும் ஆடுறாங்களா?"

"என் தங்கச்சி கை எனக்குத் தெரியாதா?"

கடைக்காரர் ரப்பரை ஒட்டித் தருகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து, தடவிய பசை நிறம் மாறிக் காயும்வரை காத்திருந்து, ரப்பரைக் குமிழி விழாமல் ஒட்டி, விளிம்பைத் தானே நறுக்கினாள்.

தங்கை வந்த மறுநாளே ஊழியர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் பந்து சுவர்க் கடிகாரத்தில் பட்டது. இரண்டாவது ஜன்னலுக்கு வெளியே போனது. மூன்றாவதற்குக் கையை ஓங்கிய தங்கை, அப்படியே தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"முதியோர் இல்லத்துல ஆளுங்களைத் தூக்கித் தூக்கி தோள் போயிடுச்சுக்கா. மூணு வருஷமாச்சு."

"போன்ல மூச்சு விடலையேடி!"

"சொன்னா, உடனே எக்ஸ்ரே எடுத்து அனுப்புன்னு உயிரை வாங்குவே."

நாளெல்லாம் ஊரார் தோள்பட்டைகளைப் படம் பிடிப்பவளுக்கு இந்தத் தோள் மட்டும் தெரியாமல் போயிற்று. போனில் வாரந்தவறாமல் பேசியும், பதினோரு வருடத்துக்கு முந்தைய கைக்கு அல்லவா மட்டை வாங்கியிருக்கிறாள்!

தங்கை அக்காவின் பழைய மட்டையை எடுத்துக்கொண்டு புதியதை அவளிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீ அடி. நான் தடுக்கறேன்."

மதில் சர்வீஸ் போட்டாள். போட்ட வேகத்தில், பழக்க தோஷம், இரண்டடி பின்னால் போய்க் குனிந்து நின்றாள். தங்கை மெல்லத் தட்டிய பந்து வலையைத் தாண்டி மேசையில் அவள் பக்கமாக இரண்டு முறை குதித்து, உருண்டு, நின்றுவிட்டது.

"அங்க ஏன்க்கா நிக்கறே?" என்றாள் தங்கை. "முன்னாடி வா. இனிமே என் பந்து அவ்வளவு தூரம் வராது."