கீதா தோத்த அன்னிக்கு வித்த லேப்டாப்

கீதா, ஏ கீதா. ஒன்னப் பத்தித்தான்டி எழுத உக்காந்திருக்கேன். தப்பா எழுதுனா பேப்பரப் புடுங்கித் திருத்த நீ இல்ல. அதுதான் தாங்கல.

நான் ஒம்பதாவது வரைக்கும்தான் படிச்சேன். மதுரைல ஒரு லேப்டாப் கடைல கவுண்டர்ல நிக்கிறேன். கீதாவும் அங்கதான் நின்னா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. எனக்கு ஒரு வருஷம் முன்னாடி சேந்தவ. சௌராஷ்ட்ரா வீட்டுப் பிள்ள, கோவம் வந்தா அவங்க பாஷைல ஏதோ முணுமுணுப்பா. போன ஆவணில காச்சல்னு படுத்தா. பத்து நாள்ல போயிட்டா.

இப்ப கடைக்குப் புதுசா ரெண்டு பிள்ளைக வந்திருக்காங்க. "கேமுக்குன்னு கேட்டா எதக் காட்டணும்க்கா?"ங்கிறாங்க. எனக்குத் தெரிஞ்ச அம்புட்டும் கீதா சொன்னதுதான். அதான் எழுதுறேன்.

1. மொத நாள் யாவாரம்

மொதலாளி எனக்குச் சொல்லிக் குடுத்தது இம்புட்டுத்தான். "கை வைக்கிற எடத்துல பளபளன்னு ஸ்டிக்கர் இருக்கா? இருந்தா தனி கிராபிக்ஸ் கார்டு. கேம்னு வந்தா அதக் காட்டு. இல்லேன்னா மத்ததக் காட்டு."

அன்னிக்கு மத்தியானம் டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அய்யா வந்தாரு. சம்சாரி, வெவசாயந்தான் பொழப்பு. மகன் பசுமலைல காலேஜ் படிக்கிறான், ஹாஸ்டல்ல இருக்கான். "என்னமோ கேம் வெளாடணுமாம் தாயி. எது நல்லதோ அதக் குடு"ன்னாரு. ஸ்டிக்கர் ஒட்டுனதத் தூக்கிக் குடுத்தேன். கீதா அன்னிக்கு லீவு. மொத நாளே யாவாரம் பண்ணிட்டேன்னு மொதலாளி எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தாரு.

2. திரும்பி வந்த பெட்டி

மூணாம் நாள் அய்யா மகனையும் கூட்டிக்கிட்டு வந்து பெட்டிய டொம்முன்னு கவுண்டர்ல வச்சாரு.

"ஏத்தா, நல்ல பொருளுன்னுதான குடுத்த? கேமு நொண்டுதாம்ல?"

மொதலாளி பெட்டியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "பிரிச்ச பெட்டிய எவன் வாங்குவான்? மாசக் கடைசிக்குள்ள இது போகணும். இல்ல, நீ போயிரு"ன்னாரு. அப்பா இல்லாத வீடு எங்க வீடு. நான் சம்பளம் கொண்டு போனாத்தான் அடுப்பு.

கீதா என் பக்கமே திரும்பல. அந்தப் பையன்ட்டத்தான் கேட்டா. "என்ன கேம்ப்பா ஆடுற?"

"பழைய டிவி கேம்க்கா. சண்ட போடுறது. எமுலேட்டர்ல போட்டு ஆடுவேன்."

"அத அப்பாட்டச் சொல்லி விட்டியா?"

"அவருக்கு என்னக்கா தெரியும்?"

"எனக்கு டிராக்டர் தெரியும்டா"ன்னாரு அய்யா.

கீதா சொன்னா: "எமுலேட்டர்னா இந்தப் பெட்டிய அந்த டிவி கேம் மெஷின் மாதிரி நடிக்க வைக்கிறது. அந்த நடிப்பு முக்காவாசி ப்ராசஸர் வேல. இந்த மாடல்ல கார்டுக்குக் காசப் போட்டுட்டு ப்ராசஸர மட்டமாப் போட்டிருக்கான். புதுசா வர்ற கார் ரேஸ், துப்பாக்கி கேமுன்னா கார்டு வேணும். ஒனக்கு வேண்டாம். கார்டும் வேணும், நல்ல ப்ராசஸரும் வேணும்னா அது அப்பா பட்ஜெட்டுல இல்ல."

அதே வெலைல வேற ஒண்ண எடுத்து வச்சா. தனி கார்டு இல்ல, கிராபிக்ஸ் உள்ளயே சேந்தது, ப்ராசஸர் நல்லது. சூடும் கம்மி, கரண்டு கட்டானா பேட்டரி கூடுதலாக் கொஞ்ச நேரம் நிக்கும்.

பையன் அதத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "ஸ்டிக்கர் இல்லையேக்கா. ஹாஸ்டல்ல எல்லார்ட்டயும் கார்டு இருக்குன்னு சொல்லிட்டேன்."

அய்யா வேற மல்லுக்கு நிக்கிறாரு. "கார்டு இல்லாததுக்கு எதுக்கு அதே வெல? ஏமாத்துறீகளா?"

கீதா ரெண்டு ஜாய்ஸ்டிக்க எடுத்தா. "எங்கூட ஆடு. மொதல்ல நீ கொண்டாந்ததுல, அப்புறம் இதுல. அப்புறமும் ஸ்டிக்கர்தான் வேணும்னா தாராளமா எடுத்துட்டுப் போ."

மொத ஆட்டம். பையன் பட்டன அமுக்குறான், உள்ள இருக்கவன் யோசிச்சு யோசிச்சுக் கைய ஓங்குறான். அதுக்குள்ள கீதா ஆளு ரெண்டு மிதி மிதிச்சுட்டான். அவளுக்கும் நொண்டுது, ஆனா அந்த நொண்டலுக்குத் தக்கன முன்னாடியே அமுக்குறா. பையன் மூணு தடவ தோத்தான். "கடைக்காரப் பிள்ளகிட்ட மிதி வாங்குறியேடா"ன்னு அய்யா தலைல அடிச்சுக்கிட்டாரு.

ரெண்டாவது பெட்டில போட்டாங்க. எங்கிட்டுமே திக்கல. பையன் மொகமே மாறிருச்சு. நாக்கக் கடிச்சுக்கிட்டு ஆடுனான். மொத ரவுண்டு கீதா காலி. ரெண்டாவதும் காலி. மூணாவது அவளே கேட்டு வாங்குனா, அதுலயும் காலி. அவங்க பாஷைல முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டா.

"இதையே கட்டுங்கக்கா"ன்னான் பையன். அய்யா மகன் முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு. ஜெயிச்சு வச்சது அவருதாங்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

அவங்க போனதும் கேட்டேன், "யாவாரத்துக்காக விட்டுக் குடுத்தியாடி?"

"ச்சீ. நெசமாவே நல்லா ஆடுறான்டி அவன்"ன்னா. அன்னிக்கு அவளுக்குச் சோறு எறங்கல, எனக்குத் தெரியும்.

3. நான் வித்த பெட்டி

திரும்பி வந்தது அப்படியே நிக்குது. நாள் ஓடுது. மாசக் கடைசி வாரம் ஒரு அண்ணே வந்தாரு, மாட்டுத்தாவணில பூக்கட. விடியக்காலத்துல யாவாரம் முடிஞ்சிரும், மத்தியானம் சும்மா உக்காரணும், அதுக்கு ஒரு லேப்டாப்புன்னாரு. நான் கீதாவப் பாத்தேன். அவ அந்தக் கடைசில நின்னு ஒரு ஸ்கிரீனத் தொடைச்சுக்கிட்டிருந்தா. வரவே இல்ல.

"அண்ணே, யாரு ஆடப் போறது, என்ன கேமு?"

"நான்தான். கார் ரேஸு. புதுசா வந்திருக்குல்ல, அது."

"கார்டு உள்ளது எடுத்தா கரண்டு கட்டானா பேட்டரி சீக்கிரம் தீந்துருமே?"

"கரண்டு இல்லேன்னா நான் தூங்கிருவேன் பாப்பா."

அந்தப் பெட்டிய எடுத்து வச்சேன். இது ஒருத்தர் வாங்கித் திருப்புனது, இன்ன காரணத்துக்காகத் திருப்புனாங்க, எமுலேட்டருக்கு ஆகாது, ஒங்க கேமுக்கு ஆகும்னு ஒண்ணு விடாமச் சொன்னேன்.

"வேண்டாம்னு போட்டத என் தலைல கட்டப் பாக்குறியா?"

"நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணே. பிடிக்கலேன்னா வேண்டாம்."

அரை மணி நேரம் ஓட்டுனாரு. வளைவு வந்தா அவரும் சேந்து வளையுறாரு, பக்கத்துல வேற லேப்டாப் பாத்துக்கிட்டு நின்னவரு ரெண்டு இடி வாங்குனாரு. கடைசில கண்ண எடுக்காமயே, "பில்லப் போடு"ன்னாரு. அந்தப் பெட்டி திரும்பி வரல. எனக்கு வேல நின்னுச்சு. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு எரியுது.

"ஏன்டி ஒதவிக்கு வரல?"ன்னு கீதாவக் கேட்டேன். "ஒம் வேலைய நீதான காப்பாத்தணும். நான் வந்தா மொதலாளி எனக்குல்ல ஜிகர்தண்டா வாங்கிக் குடுப்பாரு"ன்னு சிரிச்சா.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான். காட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க. காசு குடுக்கிறவர்ட்ட மட்டும் இல்ல, ஆடப் போறவங்ககிட்ட கேளுங்க. பொருள்ல கொற இருந்தா அத நீங்களே மொதல்ல சொல்லிருங்க.

இத வாசிக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, நீங்க எங்க கும்புடுறீங்களோ அங்க கீதான்னு ஒரு தடவ பேரச் சொல்லுங்க. அவ நல்லபடியா போய்ச் சேந்திருக்கணும்னு வேண்டிக்கங்க. அவ அம்மா இன்னும் சரியாச் சாப்பிடுறதில்ல, அவங்களுக்கும் சேத்து வேண்டிக்கங்க. நான் ஒருத்தி வேண்டுறது பத்தாதுன்னு தோணுது.