நாலாவது வரி

'பட்டியல் அத்தை' என்ற பெயர் முதலில் காதில் விழுந்தது ஒரு சாவு வீட்டில். வந்து உட்கார்ந்திருந்த கிழவர் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் எல்லோரும் முழித்தபோது, அத்தையின் தம்பி மனைவி தன் மகளிடம் வாய்க்குள்ளேயே சொன்னாள்: "போய் உன் பட்டியல் அத்தையக் கேளு. செத்தவருக்கே தெரியாத சொந்தமெல்லாம் அவங்களுக்குத் தெரியும்." கேலிதான். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அத்தைக்கும் அது பிடித்துப்போயிற்று.

சட்டை தைக்கும் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் பட்டன் தைத்தவள் அவள். சட்டை கிழிந்தாலும் அவள் தைத்த பட்டன் விழாது என்பார்கள். சொந்தங்களையும் அப்படித்தான் வைத்திருந்தாள். யார் யாருக்குக் கொழுந்தன், எந்தச் சித்தியின் எத்தனையாவது மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், எல்லாம் விரல் நுனியில். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு உடன்பிறந்த ஒரே தம்பியின் வீட்டோடு வந்துவிட்டாள். அங்கே அவளுக்கென்று இருந்த ஒரே அதிகாரம் கல்யாணப் பட்டியல்.

அதிலும் ஒருமுறை சறுக்கினாள். தம்பி மகன் கல்யாணத்தில் பெரியப்பா வீட்டுப் பெயர் ஒன்று விட்டுப்போக, ஏழு வருஷமாக அந்த வீட்டார் வாசல் மிதிக்கவில்லை. இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம். தம்பி பட்டும் படாமலும் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவையும் தப்பு வந்தா, இனிமே பட்டியல இவளே எழுதட்டும்க்கா." இவள் என்றால் அவன் மனைவி.

மருந்துக்கடை மாடியில் கல்யாண அட்டை வடிவமைக்கும் பெண்ணை எல்லோரும் அட்டைக்காரி என்றே சொன்னார்கள். வேலை தொடங்குமுன் என்னென்ன வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டில் நடந்த பழைய கல்யாணங்களின் அட்டைகள் வேண்டும், பெயர்களைக் கைப்பட எழுதித் தர வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் என்ன முறை என்று போட வேண்டும். முறை தெரியாத பெயரை ஏற்ற மாட்டாளாம்.

அத்தை கட்டிலில் மூன்று அட்டைகளைப் பரப்பினாள். தன் கல்யாணத்து அட்டை, தம்பியுடையது, தம்பி மகனுடையது. மூன்றிலும் நாலாவது வரியில் ஒரே பெயர். அந்தப் பெயருக்கு அவளுக்கு முகமே வரவில்லை.

கடைசி அட்டைக்கு அவள் எழுதிக்கொடுத்த தாளும் உறைக்குள் இருந்தது. அதிலும் நாலாவது வரி, அவள் கையெழுத்திலேயே. பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவதுதான் அந்த வீட்டு வழக்கம். பார்த்து எழுதினாளே தவிர, படித்து எழுதவில்லை. முதல் அட்டையை எழுதிய அப்பா இப்போது இல்லை.

தம்பியிடம் கேட்டாள். அத்தான் பக்கத்து ஆள் என்றல்லவா நினைத்தேன் என்றான். புருஷனின் தங்கைக்குப் போன் போட்டாள். உங்கள் பக்கத்து ஆள் இல்லையா அண்ணி, என்றாள் அவள். பெயர் தெரியாது, உங்கள் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அழைத்தவர்தானே, சட்டையில் ரெண்டாவது பட்டன் இல்லாமல்கூட இருந்தாரே என்றாள்.

அத்தை போனை வைத்தாள். பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தம்பி மனைவியிடம் போய்க் கேட்டாள். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலைகூட நிமிராமல் சொன்னாள்: "எங்க கல்யாணத்துல வாசல்ல நின்னாரே, அவரா? பட்டன் தைக்கிற வீட்டுல சொந்தக்காரர் சட்டைக்கு ஒரு பட்டன் இல்லையேன்னு எங்கம்மா சிரிச்சாங்க, அண்ணி."

இரண்டு கல்யாணத்துக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம்.

அத்தை அன்று சாப்பிடவில்லை. இத்தனை வருஷம் சேர்த்த புத்தி கரைகிறதா, இல்லை தனக்குத் தெரியாமலே ஒருவர் வீட்டுக்குள் இருந்திருக்கிறாரா? இரண்டில் எதைச் சொன்னாலும் பட்டியல் கைவிட்டுப் போய்விடும். யாரும் பார்க்காதபோது அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் புதுத்தாளில் எழுதி, அட்டைக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் அட்டையின் மாதிரியைப் பார்க்கப் போனாள். மத்தியான வெயில் மேசையில் விழுந்திருந்தது. நாலாவது வரியில் அந்தப் பெயர் இருந்தது. பக்கத்தில் முறை: தம்பி.

"இதை நான் எழுதலையேம்மா."

"உங்க தம்பி காலைல வந்து சேர்க்கச் சொன்னாரும்மா."

"எந்தத் தம்பி?"

"சட்டையில பட்டன் ஒண்ணு இல்லாம வந்தாரே, அவர்தான். 'அக்காவுக்கு வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்க, கோவிச்சுக்காதீங்க'ன்னார். ரொம்பத் தன்மையான மனுஷன்." அட்டைக்காரி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அச்சுக்கு அனுப்பட்டுமா?"

அத்தைக்கு ஏழு வருஷமாக வராத வீடு நினைவுக்கு வந்தது. பெயர் விட்டுப்போனால் வராமல் போகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். விட்டாலும் வருகிறவரை இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

"அனுப்பும்மா" என்றாள்.

கல்யாணத்தன்று அவள் கைப்பையில் ஊசி, நூல், ஒரு வெள்ளைப் பட்டன் எடுத்துப்போனாள். வந்தவர்களை வரவேற்க வேண்டும் என்று சொல்லி, காலையிலிருந்து வாசலை விட்டு நகரவில்லை. வீடு திரும்பியபோது பையில் ஊசியும் நூலும் இருந்தன. யாரைப் பார்த்தாய் என்று கேட்டால், வந்தவர்களை எல்லாம் பார்த்தேன் என்பாள். அட்டையில் தப்பு என்று யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

பட்டியல் அத்தை இப்போது தம்பி வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். பட்டியலும் அவளிடம்தான் இருக்கிறது.